மெகாபிக்சல் மயக்கமும் மற்ற சொற்களும்

வங்கித் தேர்வு ஒன்றுக்கு இணையவழியாக விண்ணப்பித்த மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் மிகுந்த தொல்லை தந்த பகுதி எது என்றால், பெயரும் முகவரியும் அல்ல, புகைப்படம்தான் என்பார். அகலம் 200 பிக்சல், உயரம் 230 பிக்சல், கோப்பின் அளவு 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் என்று விதி கேட்கும். மாணவரின் கையில் இருப்பதோ 50 மெகாபிக்சல் காமிரா பொருத்திய செல்பேசி. 200-ஐ 230-ஆல் பெருக்கினால் 46,000 வருகிறது. விளம்பரத்தில் சொல்லப்பட்ட ஐந்து கோடிப் புள்ளிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விண்ணப்பம் கேட்கவில்லை! அந்தச் சிறு பங்கை வைத்துக்கொண்டே தேர்வுக்கூடத்தின் மேற்பார்வையாளர் உங்கள் முகத்தை அடையாளம் கண்டு உள்ளே விடுகிறார்.

அப்படியானால் மீதிப் புள்ளிகளுக்கு நாம் ஏன் பணம் கொடுத்தோம்? இந்தக் கேள்விக்கு, டிஜிட்டல் படக்கலையைத் தொடக்கநிலையில் கற்பிக்கும் கையேடுகளில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அவை பிக்சல், ரெசல்யூஷன், ஐ.எஸ்.ஓ., ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், சென்சார் அளவு, ஜூம் என்று பத்துப் பன்னிரண்டு சொற்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிப் பொருள் சொல்லி முடித்துவிடுகின்றன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்கிறார். கடைக்காரரும் அதே சொற்களைத்தான் சொல்கிறார். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இச்சொற்களின் மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். இவற்றுள் பெரும்பாலானவை காலமாகிவிட்ட இயந்திரங்கள் விட்டுச்சென்ற சொத்து. பிலிம் போய்விட்டது, அதன் எண்கள் இருக்கின்றன. படக்குழாய் போய்விட்டது, அதன் அங்குலம் இருக்கிறது. ஆனால் படத்தின் தரத்தை மற்ற எதையும்விட அதிகமாக நிர்ணயிக்கும் ஒரு பொருளுக்கு, அதாவது காமிரா மொத்தத்தில் எவ்வளவு ஒளியைச் சேர்த்தது என்பதற்கு, இந்தப் பட்டியலில் பெயரே இல்லை.

புள்ளிகளின் கணக்கு

முதலில் பிக்சலையே எடுத்துக்கொள்வோம். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசியத் தர நிர்ணய நிலையத்தில் பணிபுரிந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், பிறந்து மூன்று மாதமான தம் மகனின் புகைப்படத்தைச் சுழலும் உருளை ஒன்றில் பொருத்தி, அதைப் புள்ளிபுள்ளியாகக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அகலத்தில் 176, உயரத்தில் 176. மொத்தம் 30,976 புள்ளிகள். இன்றைய வங்கி விண்ணப்பம் கேட்கும் எண்ணிக்கைக்கு அது வெகுதூரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கையில் தூக்கிச் செல்லக்கூடிய டிஜிட்டல் காமிரா ஒன்றைச் செய்து முடித்தபோது, அதில் 100-க்கு 100, அதாவது பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாட்டுக் கேட்கும் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது.

அந்தக் காலத்தில் புள்ளிகளை எண்ணியதற்கு நியாயம் இருந்தது. பத்தாயிரம் புள்ளியில் மூக்கு எது, வாய் எது என்று பிரித்தறிவதே பெரும்பாடு. ஆகவே புள்ளி கூடக் கூடப் படம் தெளிவடைந்தது. இன்று நிலைமை அப்படியா? தபால் அட்டை அளவான 6-க்கு 4 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நன்றாக அச்சிட 1800-க்கு 1200 புள்ளிகள், அதாவது சுமார் 21 லட்சம் போதும். வீட்டிலுள்ள உயர் தெளிவுத் தொலைக்காட்சித் திரையில் இருப்பவையும் ஏறத்தாழ அவ்வளவே. 4கே என்று விற்கப்படும் திரையில் சுமார் 83 லட்சம். ஒரு கோடியைத் தாண்டிய படத்தை முழுமையாகக் காட்டும் திரை பெரும்பாலான வீடுகளில் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. 12 மெகாபிக்சல் என்பதைவிட 48 மெகாபிக்சல் நான்கு மடங்கு என்று காது கேட்கிறது. ஆனால் புள்ளிகள் பரப்பில் நிறைபவை. நான்கு மடங்கு புள்ளி என்றால் நீளவாக்கில் இரண்டு மடங்கு, அகலவாக்கில் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் நுணுக்கம் அதிகபட்சம் இரட்டிப்பாகலாம். 'ஆகலாம்' என்றுதான் சொல்கிறேன். ஆகும் என்று சொல்லவில்லை.

ஏன் என்பதற்குக் கோலத்தைப் பார்க்கலாம். மார்கழியில் வாசலில் புள்ளி வைக்கும் பெண் ஒருவர், அதே வாசலுக்குள் புள்ளிகளை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் நெருக்கி வைக்க வேண்டும். ஓரளவுக்குமேல் நெருக்கினால் என்ன ஆகும்? விரலிடுக்கிலிருந்து விழும் மாவுப் புள்ளிக்கே ஓர் அகலம் உண்டல்லவா? ஒரு புள்ளியின் மாவு அடுத்த புள்ளியின்மேல் படியும். அதற்கப்பால் எண்ணிக்கை கூடுமே தவிரக் கோலம் நுணுக்கமாகாது. லென்ஸுக்கும் இதே கதிதான். எவ்வளவு குறையற்ற லென்ஸும் ஒரு விண்மீனை அகலமற்ற புள்ளியாகக் குவிக்க முடியாது. ஒளியின் அலைத்தன்மையால் அது சிறு வட்டாகவே விழும். செல்பேசிகளில் வழக்கமான எஃப்/1.8 லென்ஸில், பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் சுமார் 2.4 மைக்ரோமீட்டர். 2018-இல் வந்த 48 மெகாபிக்சல் உணரிகளில் ஒரு பிக்சலின் அகலம் 0.8 மைக்ரோமீட்டர். மாவு விழும் அகலத்துக்குள் மூன்று புள்ளிகள் அடங்கிவிடுகின்றன!

இது உற்பத்தியாளருக்குத் தெரியாததல்ல. அதனால்தான் 48 மெகாபிக்சல் செல்பேசி, நாம் வேறு விதமாகக் கட்டளையிடாதவரை, நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. 108 என்று சொல்வது ஒன்பது ஒன்பதாகச் சேர்த்துத் தருவதும் 12 தான். 200 என்பது பதினாறு பதினாறாகச் சேர்ந்து 12.5 ஆகிறது. இப்படிப் பகுத்து வைப்பதால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல வெயிலில் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது சிறிது கூடுதல் நுணுக்கம் கிடைக்கும். ஆனால் 48, 108, 200 என்று விலை ஏற, கையில் வரும் கோப்பு 12-லேயே நிற்கிறது என்பதைக் கையேடு சொல்ல வேண்டாமா?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணரிக்கு நிறம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒளியின் அளவு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு வண்ண வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு பிக்சலும் மூன்று நிறங்களில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அண்டை அயலைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். 12 மெகாபிக்சல் வண்ணப் படத்திலுள்ள மூன்று கோடியே அறுபது லட்சம் எண்களில், அளந்தவை ஒரு கோடியே இருபது லட்சம், மீதி ஊகம். நல்ல ஊகம்தான். இருந்தாலும் 'பிக்சல் என்பது படத்தின் ஒரு வண்ணப் புள்ளி' என்று கையேட்டில் படித்த மாணவர் இதை அறியும்போது திடுக்கிடுகிறார்.

இங்கேயே ஜூமையும் முடித்துவிடலாம். லென்ஸை மாற்றாமல் திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது, படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுப்பதே. இரண்டு மடங்கு இழுத்தால் பரப்பில் கால் பங்கு மிஞ்சும். 12 மெகாபிக்சல் 3 ஆகும். கத்தரிக்கோலுக்கு 'டிஜிட்டல் ஜூம்' என்று பெயர் வைத்தவர் விற்பனைக் கலையில் தேர்ந்தவராக இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் வரும் மற்ற இரண்டு அளவுகளும் இதே வகை. 'டி.பி.ஐ.' என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதாகும். தாளை ஸ்கேன் செய்யும்போதும் அச்சிடும்போதும் அதற்குப் பொருள் உண்டு. அங்கே அங்குலம் இருக்கிறது. கோப்பில் கிடக்கும் படத்துக்கு அங்குலம் ஏது? 200-க்கு 230 புள்ளிப் படத்தில் 72 டி.பி.ஐ. என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் ஒரு புள்ளிகூட மாறாது. கிலோபைட் என்பதோ தரத்தின் அளவன்று, எவ்வளவு இறுக்கிக் கட்டினோம் என்பதன் அளவு. 1992-இல் தரநிலையாக்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுண்மாற்றங்களைக் கழித்துவிட்டு மூட்டை கட்டுகிறது. அதற்கு அடிப்படையான கணித உருமாற்றத்தை 1974-இல் வெளியிட்ட மூவரில் முதல்வரான நசீர் அகமது, பெங்களூரில் பிறந்து அங்கே பொறியியல் பயின்றவர். நம் மாணவர்கள் இணைய மையங்களில் பணம் கொடுத்து 'கே.பி. குறைக்கும்' ஒவ்வொரு முறையும் வேலை செய்வது அவருடைய கணிதம்தான்!

முற்றத்தில் விழும் மழை

இனி ஐ.எஸ்.ஓ. இதுவே தொடக்கநிலைப் பாடங்களில் மிகவும் தவறாகச் சொல்லித்தரப்படுவது என்பது என் கருத்து. 'ஐ.எஸ்.ஓ. என்பது உணரியின் ஒளியுணர்வு. அதைக் கூட்டினால் குறைந்த ஒளியிலும் படம் எடுக்கலாம், ஆனால் படத்தில் புள்ளிபுள்ளியாகக் கசடு தெரியும்.' இதைப் படிக்காத தொடக்கநிலை மாணவர் இருக்கமாட்டார். இதில் முதல் பாதி பழங்கதை. இரண்டாம் பாதி காரணத்தையும் விளைவையும் மாற்றிக் கட்டியது.

பிலிம் காலத்தில் இச்சொல் உண்மையைச் சொன்னது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு, இன்று இயங்காத இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிலிமின் பூச்சில் வெள்ளி உப்புப் படிகங்கள் இருந்தன. படிகம் பெரிதானால் பிலிம் குறைந்த ஒளிக்கும் இசையும். ஆனால் பெரிய படிகம் படத்தில் மணல்போலத் தெரியும். அமெரிக்கரின் ஏ.எஸ்.ஏ. எண்ணையும் ஜெர்மானியரின் டி.ஐ.என். எண்ணையும் 1974-இல் ஒன்றாக்கியபோது ஐ.எஸ்.ஓ. எண் வந்தது. பிலிம் சுருள் பெட்டியில் '100/21°' என்று அச்சிட்டிருந்ததில் முன்னது ஏ.எஸ்.ஏ., பின்னது டி.ஐ.என். அது அந்தப் பிலிமின் பிறவிக்குணம். ஐ.எஸ்.ஓ.-வை மாற்ற வேண்டுமென்றால் சுருளையே மாற்ற வேண்டும்.

உணரியை யாரும் கழற்றி மாற்றுவதில்லை. சிலிக்கான் தகட்டில் ஒளி விழுந்தால் எத்தனை எலக்ட்ரான்கள் விடுபடும் என்பது தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நீங்கள் ஐ.எஸ்.ஓ.-வை 100-லிருந்து 1600-க்கு உயர்த்தும்போது சிலிக்கான் கூர்ந்து பார்க்கத் தொடங்குவதில்லை. சேர்ந்த குறிப்பலை பிற்பாடு பெருக்கப்படுகிறது. வானொலியில் ஒலியைக் கூட்டுவதுபோல. தொலைவிலுள்ள நிலையம் கரகரக்கிறது என்றால், ஒலிக் குமிழைத் திருப்பியதால் கரகரப்பு பிறந்தது என்று யாரும் சொல்வோமா? வந்த அலை பலவீனமானது. குமிழ் அதை நம் காதுக்குக் கேட்கச் செய்தது.

இங்கே பலவீனம் என்பது என்ன? முற்றத்தில் சதுரக் கற்கள் பதித்திருக்கின்றன, தூறல் போடுகிறது. ஒரு நிமிடத்தில் சராசரியாக ஒரு கல்லில் 9 துளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கல்லிலும் சரியாக 9 விழுமா? விழாது. ஒன்றில் 6, இன்னொன்றில் 12, அடுத்ததில் 8 என்று தாறுமாறாக இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ சராசரியின் வர்க்கமூலம் என்பது புள்ளியியல் விதி. 9-க்கு 3, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இப்போது பெருமழை பிடித்து, கல்லுக்கு 900 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 30. முப்பதில் ஒரு பங்குதான். தூறலில் முற்றம் திட்டுத்திட்டாக நனைகிறது. பெருமழையில் ஒரே சீராக நனைகிறது.

ஒளியும் மழையே. அது துளித்துளியாக வருகிறது என்பதை ஐன்ஸ்டைன் 1905-இல் எடுத்துரைத்தார். அந்தத் துளியைப் போட்டான் என்கிறோம். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு பிக்சலில் 9 போட்டான் பதிவாகி அடுத்த பிக்சலில் 13 பதிவானால், ஒரே நிறச் சுவரும் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். அந்தக் கசடு காமிராவின் குறையன்று, ஒளியின் இயல்பு. அதைக் குறைக்க ஒரே வழி அதிகத் துளிகளைப் பிடிப்பது. ஐ.எஸ்.ஓ. எண் ஒரு துளியைக்கூடப் பிடிப்பதில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் சோதித்துப் பாருங்கள். செல்பேசியில் அமைப்புகளை நாமே திருத்தும் 'புரோ' முறை இருந்தால் போதும். இரவில் ஒரே ஒரு விளக்கொளியில், செல்பேசியைப் புத்தக அடுக்கில் அசையாமல் சாய்த்து வையுங்கள். முதல் படம்: நேரம் 1/60 விநாடி, ஐ.எஸ்.ஓ. 1600. இரண்டாவது: அதே 1/60, ஐ.எஸ்.ஓ. 100. இது இருண்டு கிடக்கும். படம் திருத்தும் செயலியில் முதல் படத்தின் அளவுக்கு வெளிச்சமாக்குங்கள். கையேடு சொல்வது உண்மையானால், ஐ.எஸ்.ஓ. 100 படம் தூய்மையாக இருக்க வேண்டும். இராது, அதே கசடு, சில வேளை கூடுதலாகவே தெரியும். மூன்றாவது: ஐ.எஸ்.ஓ. 100, நேரம் 1/4 விநாடி. இப்போது பளிச்சென்று இருக்கும். எண் குறைந்ததால் அல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு ஒளி சேர்ந்ததால்! ('ரா' என்ற பதப்படுத்தாத கோப்பாகச் சேமிக்க வசதியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஜேபெக் இருண்ட பகுதிகளை இறுக்கிவிடும்.)

ஆகவே பல நூல்களில் காணும் அந்த முக்கோணப் படம், ஒரு பக்கம் துளை, ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஐ.எஸ்.ஓ. என்று மூன்றையும் சரிசமமாக நிறுத்துவது, எனக்கு உடன்பாடில்லை. துளையும் நேரமும் ஒளியை உள்ளே விடுபவை. மூன்றாவது, உள்ளே வந்ததற்குப் பின் கணக்கு எழுதுவது. கணக்கப்பிள்ளையை விவசாயியின் வரிசையில் நிறுத்தலாமா? அந்தக் கணக்கும் எல்லாக் காமிராவிலும் ஒன்றாக இல்லை. டிஜிட்டல் காமிராக்களுக்கான ஐ.எஸ்.ஓ. 12232 என்ற தரநிலை 1998-இல் வெளியானது; 2006-இல் திருத்தப்பட்டபின், உற்பத்தியாளர் தாமே பரிந்துரைக்கும் மதிப்பையும் எண்ணாகச் சொல்ல அது இடம் தருகிறது. இரு காமிராக்களில் ஒரே 400 என்று இருந்தாலும் படங்கள் ஒரே வெளிச்சத்தில் அமையாமற்போவது இதனால்தான்.

ஓடாத வேகமும் தமிழாக்கமும்

ஷட்டர் 'வேகம்' என்பதும் வேகமன்று. விநாடியின் பின்னமான ஒரு நேரம். பெரிய காமிராக்களில் உணரிக்கு முன்னால் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. 1/125-லிருந்து 1/1000-க்கு மாற்றினால் திரைகள் வேகமாக ஓடுவதில்லை. அதே வேகத்தில்தான் ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள பிளவு மட்டும் குறுகுகிறது. செல்பேசியில் திரையே இல்லை. 'கிளிக்' என்று கேட்பது பதிவு செய்து வைத்த ஓசை. அங்கே உணரியின் வரிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன. ஓடும் பேருந்திலிருந்து எடுத்த படத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து நிற்பதும், சுழலும் மின்விசிறியின் இறக்கை வளைந்து தெரிவதும் இதன் விளைவே. 1/1000 என்று வைத்தாலும் கம்பம் சாயத்தான் செய்யும். 'வேகம்' என்று கற்றவருக்கு இது புதிராகவே இருக்கும். 'ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரம்' என்று கற்றவருக்குப் புதிரில்லை.

தமிழில் நாம் இச்சொற்களை எப்படிக் கொண்டுவந்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். ரெசல்யூஷனை இயந்திர மொழிபெயர்ப்பு 'தீர்மானம்' என்று போடுவதுண்டு. ஊராட்சிக் கூட்டத்தில் நிறைவேற்றியதுபோல! இத்தனைக்கும் நுண்ணோக்கி, தொலைநோக்கிப் பாடங்களில் 'பிரிதிறன்' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. அருகருகே உள்ள இரண்டைப் பிரித்துக் காட்டும் திறன் என்று அது தன் பொருளைத் தானே சொல்கிறது. வெறும் புள்ளி எண்ணிக்கை பிரிதிறன் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மூலச் சொல்லைவிட நம் சொல் தெளிவாக இருக்கும் இடம் இது. எக்ஸ்போஷரை 'வெளிப்பாடு' என்பது நேர் எதிர். ஒளி வெளிப்படவில்லை, உள்ளே ஏற்கப்படுகிறது. 'ஒளியேற்பு' என்றால் மாணவருக்கு உடனே விளங்கும். 'இரைச்சல்' என்ற சொல்லைக் காதிலிருந்து கண்ணுக்குக் கடன் வாங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். வானொலி உவமை அதற்குத் துணை நிற்கிறது. புகைப்படத்தில் புகை எங்கே என்று கேட்காமலே நாம் தலைமுறைகளாகப் பேசிவருகிறோம். பழகிய சொல்லை மாற்றச் சொல்வது வீண். புதிதாக வரும் சொல்லையாவது பார்த்து எடுக்கலாம்.

அங்குலம் அல்லாத அங்குலம்

'1/2.3 அங்குல உணரி' என்று விவரத்தாளில் பார்த்திருப்பீர்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை 2.3-ஆல் வகுத்தால் 11 மி.மீ. வருகிறது. உணரியை அளந்தால் அகலம் 6.2, உயரம் 4.6, மூலைவிட்டமே 7.7 மி.மீ. தான்! மீதி எங்கே போயிற்று? 1950-களில் தொலைக்காட்சிக் காமிராக்களில் விடிகான் என்ற கண்ணாடிப் படக்குழாய் இருந்தது. 'ஓர் அங்குலக் குழாய்' என்றால் கண்ணாடியின் வெளி விட்டம் ஓர் அங்குலம். படம் விழும் பகுதியின் மூலைவிட்டமோ சுமார் 16 மி.மீ. குழாய் குப்பைக்குப் போனபின்னும் அந்தக் கண்ணாடியின் தடிமனை நாம் இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம். இன்று 'ஒரு அங்குலம்' என்று விற்கப்படும் உணரி 13.2-க்கு 8.8 மி.மீ. தான். பிற பொருள்களில் இப்படி அளந்தால் எடை அளவுத் துறையினர் வந்துவிடுவார்கள்.

'முழுச் சட்டகம்' என்று மதிப்போடு சொல்லப்படும் 36-க்கு 24 மி.மீ. அளவும் அப்படியே. சினிமா பிலிமில் 24-க்கு 18 மி.மீ. படங்கள் இரண்டு சேர்ந்த இடம் அது. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிரா அதைப் பரப்பியது. அன்றைய பெரிய தகட்டுக் காமிராக்களோடு ஒப்பிட்டு ஜெர்மானியர் அதற்கு இட்ட பெயருக்குப் பொருள் 'சிறு படம்'. நூறாண்டுக்குள் சிறியது முழுமையாகிவிட்டது! ஆயினும் பரப்பைப் பாருங்கள்: 864 சதுர மி.மீ.; 1/2.3 அங்குல உணரிக்கு 28. முற்றம் முப்பது மடங்கு பெரிது. மழை அதே மழையானாலும் விழும் துளி முப்பது மடங்கு.

துளையின் எண்ணைப் பற்றி எனக்கு மதிப்புண்டு. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து எஃப் எண்ணைக் கண்டவர்கள் மிகப் பயனுள்ள வேலை செய்தார்கள். எந்த லென்ஸானாலும் எஃப்/4 என்றால் பிலிமின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஒரே அளவு ஒளி விழும். ஒளிமானியைப் பார்த்து அமைத்துவிடலாம். எண் பெரிதானால் துளை சிறிதாகும் என்ற தலைகீழ்க் கணக்கு இரண்டு நாளில் பழகிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எஃப் எண் ஒரு சதுர மில்லிமீட்டரின் கதையைச் சொல்கிறது. எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று சொல்வதில்லை. செல்பேசியின் எஃப்/1.8-ஐயும் பெரிய காமிராவின் எஃப்/1.8-ஐயும் ஒன்றென்று எண்ணிய மாணவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

வானியலாரைப் பாருங்கள். காவலூரில் 1986-இல் அர்ப்பணிக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியை அவர்கள் '2.34 மீட்டர் தொலைநோக்கி' என்கிறார்கள். அது அதன் ஆடியின் விட்டம். ஒளி நுழையும் வாயின் அகலம். அத்தனை மெகாபிக்சல் தொலைநோக்கி என்று அவர்கள் பேசுவதில்லை. மங்கிய விண்மீனிடமிருந்து எத்தனை துளி பிடிக்கலாம் என்பதே அவர்களுடைய வாழ்வும் சாவும். ஆகவே அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

நாமும் வைத்துக்கொள்ளலாம், கணக்கு எளிது. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் அகலம் வந்துவிடும். செல்பேசியில் ஒரு படத்தை எடுத்து, அதன் விவரங்களைத் திறந்து பாருங்கள். 5.6 மி.மீ., எஃப்/1.8 என்பதுபோல் இருக்கும். வகுத்தால் 3.1 மி.மீ.; ஒரு கொத்தமல்லி விதையின் பருமன். அதே பார்வைக் கோணத்தைத் தரும் முழுச் சட்டகக் காமிராவின் 26 மி.மீ., எஃப்/1.8 லென்ஸுக்கு 14.4 மி.மீ.; ஒரு சிறு கோலிக்குண்டு. பரப்பில் இருபது மடங்குக்கு மேல். இருட்டில் நம் கண்மணியே 7 மி.மீ. வரை விரியும் என்பதை நினைத்தால், கொத்தமல்லி விதை வழியாக இரவைப் பார்க்க அந்தச் சிறு கருவி படும் பாடு புரியும். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து 'இரவு முறை' என்று தருவது, துளையில் கிடைக்காததை நேரத்தில் ஈட்டும் உத்தி. மெச்சத்தக்க உத்திதான், ஆனால் நடனமாடும் குழந்தை அதற்காக நிற்காது.

ஒரு எச்சரிக்கை. சில செல்பேசிகள் விவரப் பகுதியிலும் உண்மைக் குவியத் தொலைவைக் காட்டாமல், முழுச் சட்டகத்துக்கு ஒப்பிட்ட எண்ணைக் காட்டும். 24, 26 என்று இருந்தால் அது ஒப்பீட்டு எண். எட்டு மில்லிமீட்டர் தடிமனான செல்பேசியின் முதன்மைக் காமிராவில் 26 மி.மீ. குவியத் தொலைவு இருக்க வழியில்லை. அந்நிலையில் கோப்பின் முழு விவரத்தையும் காட்டும் செயலி ஒன்றில் திறந்து பாருங்கள். உண்மை எண் பெரும்பாலும் உள்ளே இருக்கும். ஒப்பிடும்போது ஏறத்தாழ ஒரே பார்வைக் கோணமுள்ள முதன்மைக் காமிராக்களையே ஒப்பிட வேண்டும்.

கடையில் இரண்டு செல்பேசிகள் மேசைமேல் இருக்கும். ஒன்றில் 50, மற்றதில் 108 என்று பொன்னெழுத்தில் ஒட்டியிருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்து, விவரத்தைத் திறந்து, தாளில் இரண்டு வகுத்தல் போடுங்கள். கடைக்காரர் வியப்போடு பார்ப்பார். இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.